போத்தலில் இருந்த நம்பர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நல்ல வெயில் காலத்தில், மலேசியாவின் சுங்கை பட்டாணியில், பாக்கார் ஆராங் பகுதியில் என் வீட்டு அடுப்படியில் ஆரம்பித்தது இது. ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு தீப்பெட்டி, கொஞ்சம் எறும்பு, பக்கத்து வீட்டு நாய். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தேன். அதுவும் ரொம்பப் பெருமையாகக் கெடுத்தேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாடம் நடத்தியதில்லை. சோதனைக் குழாய் கழுவுவது, அமிலம் அளந்து வைப்பது, மாணவர்கள் உடைத்த கண்ணாடியைக் கூட்டி அள்ளுவது, இதுதான் என் வேலை. ஆனால் எங்கள் மாதா கோயிலில் எல்லாரும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் 'நான் சார் இல்லைங்க' என்று சொல்லிப் பார்த்தேன். அப்புறம் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகவில்லை. கோயில் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஓர் அறிவியல் செய்தி போட ஆரம்பித்தேன். வெள்ளிக் கிரகத்தில் ஒரு நாள் என்பது அதன் ஒரு வருடத்தைவிட நீளம். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், நீல ரத்தம். தாவரவியல் கணக்கில் வாழைப்பழம் பெர்ரி வகை, ஸ்ட்ராபெர்ரி பெர்ரி வகையே இல்லை. ரப்பர் வருவதற்கு முன்னால் பென்சில் எழுத்தை ரொட்டித் துண்டால்தான் அழித்தார்கள். இந்தக் கடைசிச் செய்திக்கு நிறைய வரவேற்பு. எங்கள் குழுவில் பாதிப் பேர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள், என்னையும் சேர்த்து. 'அடேங்கப்பா சார்' என்று பதில் வந்தால் அன்றைக்கு எனக்குக் காலைச் சாப்பாடே வேண்டாம்.

என் மனைவி மட்டும் இந்தச் செய்திகளைப் படிப்பதில்லை. "எனக்குத்தான் வீட்டுலயே நேரடி ஒளிபரப்பு இருக்கே" என்பாள்.

அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அந்தத் தேன் போத்தலை வாங்கி வந்தாள். விற்றவர் நாற்பது வயது இருக்கும் ஒரு பெண். யான் என்ற ஊருக்குப் போகும் வழியில், ஜெராய் மலை அடிவாரத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் குடியிருப்பவர். கணவர் அதே தோட்டத்தில் வேலை செய்கிறார். இவர் பின்கட்டில் கெலுலுட் வளர்க்கிறார். கெலுலுட் என்றால் கொசு அளவே இருக்கும், கொட்டாத சின்னத் தேனீ. மலாய்க்காரர்கள் வீட்டுக்கு வீடு வளர்ப்பார்கள், நம் ஆட்களில் வளர்ப்பவர்கள் குறைவு. கோயில் வாசலில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு அதிகம் பேசாமல் நிற்பார். இருமலுக்கு நல்லது என்று நாலைந்து மாதமாகவே பெண்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடத் திருவிழாச் சந்தையில் அவருக்கு முதல் முறையாக ஒரு கடை ஒதுக்கியிருந்தார்கள்.

போத்தலைத் திறந்து ஒரு கரண்டி வாயில் விட்டேன். புளித்தது. தேன் புளிக்குமா? சாய்த்துப் பார்த்தேன், தண்ணீர் மாதிரி ஓடியது. மேலே கொஞ்சம் நுரை வேறு. லேபிளைப் படித்தேன். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும், இரண்டு நாளைக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்றை வெளியேற்றவும் என்று மலாயில் எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு கைப்பேசி எண்.

எனக்குச் சுருக்கென்றது. தேன் ஆயிரக்கணக்கான வருடம் ஆனாலும் கெடாது என்று போன மாதம்தான் நானே குழுவில் போட்டிருந்தேன். கெடாத பொருளுக்கு எதற்குக் குளிர்சாதனப் பெட்டி?

உடனே இறங்கிவிட்டேன். சுத்தமான தேனைக் கண்டுபிடிக்க என்னென்ன வழி என்று இணையத்தில் ஏகப்பட்டது இருக்கிறது. போதாததற்கு என் அப்பா காலத்திலிருந்து நாம் கேட்டு வளர்ந்தவை வேறு. தண்ணீரில் விட்டால் கரையாமல் நூல் மாதிரி அடியில் போய் உட்கார வேண்டும். தீக்குச்சியைத் தேனில் தோய்த்து உரசினால் பற்ற வேண்டும். எறும்பு மொய்க்கக் கூடாது. நாய் நக்கக் கூடாது.

கைப்பேசியை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்து, பதிவை ஓடவிட்டு, ஒவ்வொன்றாகச் செய்தேன். ஒரு பக்கம் கடையில் வாங்கிய கெட்டித் தேன், மறுபக்கம் இந்தத் தேன். கடைத் தேன் தண்ணீரில் அழகாக இறங்கி உட்கார்ந்தது. இது விட்ட கையோடு கரைந்து போனது. தீக்குச்சி பற்றவே இல்லை. தட்டில் ஊற்றி வைத்தால் அரை மணி நேரத்தில் எறும்பு. கடைசியாக, பக்கத்து வீட்டுச் சீன அம்மாவின் நாயைக் கூப்பிட்டு வைத்தேன். வாலை ஆட்டிக்கொண்டு தட்டையே துடைத்து வைத்துவிட்டுப் போனது.

"அந்த நாயி சவர்க்காரத்தையே நக்கும்லா, அதுகிட்ட போயி டெஸ்ட் வைக்கிறீங்க?" என்றாள் மனைவி. அவள் குரல் கேட்கும் இடத்தை மட்டும் வெட்டிவிட்டேன். வீடியோ மூன்று நிமிடம் வந்தது. முடிவில் நான் கேமராவைப் பார்த்து, நிறுத்தி நிதானமாக, "அன்பர்களே, இது தேன் இல்லை. வெறும் சீனித் தண்ணி" என்றேன். யார் விற்றது என்று பெயர் சொல்லவில்லை. என்ன இருந்தாலும் நாகரிகம் தெரிந்தவன் இல்லையா? ஆனால் கையில் போத்தலைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அந்த லேபிள் கோயிலில் எல்லாருக்கும் தெரியும்.

குழுவில் போட்டதும் கைத்தட்டல் படங்களாக வந்து விழுந்தன. 'நல்ல வேளை சார் சொன்னீங்க.' 'நம்ம கோயில்லயே இப்படியா?' இரண்டு பேர் மற்ற குழுக்களுக்கு அனுப்பலாமா என்று கேட்டார்கள். தாராளமாக என்றேன். வெள்ளிக் கிரகத்துக்கும் ஆக்டோபஸுக்கும் சேர்த்து இவ்வளவு பதில் வந்ததில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து காடி, அதாவது கார், எடுக்கப் போனபோது தேன் விற்கும் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். ஆனால் கூடையிலிருந்து போத்தல் வெளியே போகவில்லை, உள்ளே போய்க்கொண்டிருந்தது. போன வாரம் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து திருப்பிக் கொடுக்க, அவர் வாங்கி வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். சிலர் முகத்தைக்கூடப் பார்க்காமல் கூடையில் வைத்துவிட்டு நடந்தார்கள். அன்றைக்கு என் மனதில் இருந்தது என்ன என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நாலு பேரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்தி. மனைவியோடு காடியில் வீட்டுக்கு வந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "திருவிழாவுல அந்தப் பொண்ணுக்குக் கொடுத்த கடைய எடுத்துட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னாள். வேறு என்ன செய்வார்கள் என்றேன்.

அதற்கு அடுத்த வாரம், ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தபோது அடுப்படியில் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அத்தாட்சியாக இருக்கட்டும் என்று அலமாரி மேல் நான் எடுத்து வைத்திருந்த அந்தப் போத்தலின் மூடி பறந்து போய்க் கூரையில் அடித்திருக்கிறது. அலமாரி, சுவர், மனைவி அன்றைக்குத்தான் துவைத்து மாட்டிய திரைச்சீலை, எல்லாவற்றிலும் நுரை வழிந்துகொண்டிருந்தது. வினிகர் வாசனை வேறு.

நியாயமாக அந்த இடத்திலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம்! தண்ணீர் கலந்ததால்தான் புளித்து வாயு உண்டாகியிருக்கிறது, இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா என்று துள்ளினேன். மனைவி துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அந்தப் பொண்ணுதான் மூடியத் திறந்து காத்து விடச் சொல்லி எழுதியிருந்துச்சே. வெடிக்கும்னு தெரிஞ்சுதான எழுதியிருக்கு? ஏமாத்துறவ இதெல்லாமா எழுதி ஒட்டுவா?"

பதில் தெரியாதபோது எனக்குக் கோபம் வரும். நேராகப் போய் அவர் செய்வதைக் கையும் களவுமாகப் படம் பிடித்து வந்துவிடுகிறேன் என்று மறுநாள் காலையிலேயே காடியை எடுத்தேன். போத்தலையும் கூட எடுத்துக்கொண்டேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அறுத்த செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்காரரிடம் கேட்டதும் கையைக் காட்டினார். வாசலில் என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் "வாங்க சார்" என்றார். நான் உட்காரவில்லை. கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "தேன் எப்படி எடுக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்" என்றேன், போலீஸ்காரர் மாதிரி.

அவர் பின்பக்கம் கூட்டிப் போனார். ரம்புத்தான் மரத்து நிழலில் பத்துப் பதினைந்து மரக்கட்டைகள் நின்றன. தும்பிக்கை தடிமன், இடுப்பு உயரம். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பலகைப் பெட்டி, மழைக்குத் தகரம். கட்டையின் நடுவிலிருந்து பிசினால் செய்த ஒரு குழாய், சின்ன நாதஸ்வரத்தின் வாய் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் கறுப்பாகப் பூச்சிகள் காவல் நின்றன. அதைப் பார்த்தபோதே எனக்கு வந்த வேலை பாதி மறந்துபோனது. எத்தனையோ படித்திருக்கிறேன், இப்படி ஒன்றை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

ஒரு பெட்டியைத் திறந்தார். தேன் கூடு என்றால் ஆறு மூலை அறைகள் வரிசையாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. திராட்சைக் குலை மாதிரி, பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் குடங்கள். மரப் பிசினையும் மெழுகையும் குழைத்து அந்தப் பூச்சிகளே செய்த குடங்கள். ஒவ்வொன்றும் வாய் மூடி இருந்தது. அவர் ஓர் உறிஞ்சு குழலை என் கையில் கொடுத்தார்.

"குத்தி உறிஞ்சிப் பாருங்க சார்."

குத்தினேன். உறிஞ்சினேன்.

அதே புளிப்பு. அதே தண்ணீர் மாதிரி ஓட்டம். நாக்கில் லேசாகச் சுரீரென்று ஒரு துள்ளல். கையில் நான் கொண்டுபோன போத்தலில் மிச்சம் இருந்ததும் இதுவும் ஒரே தாய் பிள்ளைகள்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "இதில் முன்கூட்டியே ஏதாவது ஊற்றி வைத்திருக்கலாம் அல்லவா?" என்று கேட்டேன். இதை எழுதும்போதுகூடக் கூசுகிறது. மூடிய குடத்துக்குள் யார் போய் ஊற்றுவார்கள்?

அவர் கோபப்படவில்லை. "அப்ப நீங்களே காட்டுங்க சார். எந்தக் கட்ட வேணுமோ."

கோழிக் கூண்டுக்கு அந்தப் பக்கம் தனியாக நின்ற ஒரு கட்டையைக் காட்டினேன். அது ரெண்டு மாதமாகத் திறக்காதது என்றார். மூடியின் ஓரத்தைப் பூச்சிகள் பிசின் வைத்து ஒட்டியிருந்தன. கத்தியை விட்டு நெம்பித்தான் திறக்க முடிந்தது. அதிலும் குத்தி உறிஞ்சினேன். இன்னும் அதிகப் புளிப்பு. எனக்குக் கண் சுருங்கியது.

இதற்குள் பூச்சிகளுக்குக் கோபம் வந்துவிட்டது. கொட்டாது, உண்மைதான். ஆனால் தலைமுடிக்குள் புகுந்து கடித்து இழுக்கும், காதுக்குள் போகும் என்று எந்தச் செய்தியிலும் நான் படிக்கவில்லை. தலையைத் தட்டிக்கொண்டு, காதைக் குடைந்துகொண்டு, அந்தப் பெண்ணின் முன்னால் நான் ஆடிய ஆட்டம் முழுவதும், கோழிக் கூண்டில் நான் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியில் பதிவாகிக்கொண்டிருந்தது. அவர் துண்டை எடுத்து வந்து கொடுத்தார். கொஞ்சம் அடங்கியதும், ரொம்ப நிதானமாகக் கேட்டார்.

"போத்தல்ல என் நம்பரு ஒட்டியிருக்கேன் சார். ஒரு கோல் அடிச்சிருந்தா நானே காடி புடிச்சி வந்து காட்டியிருப்பேன்லா?"

குனிந்து பார்த்தேன். என் கையில் இருந்த போத்தலில், என் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் அந்த எண் இருந்தது. எத்தனையோ பக்கங்களைத் தேடிப் படித்தேன். நாயைக்கூட ஒரு வார்த்தை கேட்டேன். தேன் எடுத்தவரைக் கேட்கவில்லை.

"இந்தத் தேனு இப்படித்தான் சார் இருக்கும். தண்ணி அதிகம், அதான் பொங்கும். வாங்குறவங்களுக்கு நானும் சரியா சொல்லியிருக்கணும், எனக்குப் பேச வராது" என்றார். தப்பில் பாதியை அவரே எடுத்துக்கொள்ளப் பார்த்தார். அது என்னை இன்னும் சுருக்கியது. பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கடை போனா போவுது சார். என் மவளத்தான் ஞாயித்துக்கிழமை வகுப்புல சீனித்தண்ணி, சீனித்தண்ணின்னு கூப்பிடறாங்களாம். கோயிலுக்கே வரமாட்டேங்கிறா."

அந்த வார்த்தை என்னுடையது. கேமராவைப் பார்த்து நான் நிறுத்தி நிதானமாகச் சொன்ன வார்த்தை. "மன்னிச்சிடும்மா" என்றேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் முடியிலிருந்து இரண்டு பூச்சிகளை எடுத்துப் போட்டாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் மறுபடியும் உட்கார்ந்தேன். மனைவியைச் சீனிப்பாகு காய்ச்சச் சொன்னேன், நல்ல கெட்டியாக. ஆறவைத்துத் தண்ணீரில் விட்டேன். நூல் பிடித்து இறங்கி அடியில் போய் அழகாக உட்கார்ந்தது! சுத்தத் தேனுக்கான பரீட்சையில் சீனிப்பாகு தேறிவிட்டது. கடைத் தேன், கெலுலுட் தேன், சீனிப்பாகு மூன்றையும் மூன்று தட்டில் வைத்தேன், மூன்றிலும் எறும்பு. அந்தப் பரீட்சை சொன்னது கெட்டியா, இளக்கமா என்பதை மட்டும்தான். உண்மையா, கலப்படமா என்று அதற்குத் தெரியாது. எறும்புக்கு இனிப்பு என்றால் இனிப்பு, தேன் மட்டும் என்ன விலக்கா? இதில் கேவலம் என்னவென்றால், ஒரு சோதனை செய்தால் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றை வைக்க வேண்டும் என்பதற்காக முப்பது வருடம் மாணவர்களுக்குக் கூடுதல் குடுவை எடுத்து வைத்தவன் நான். என் சொந்தச் சோதனைக்கு ஒரு தட்டுச் சீனிப்பாகு வைக்கத் தோன்றவில்லை.

வேலி ஓரத்தில், மறுபக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்கிடம், அதாவது அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன். கெலுலுட் தேன் புளிக்குமா என்று. "மெமாங் மாசாம்லா, சிக்கு" என்று சிரித்தார். புளிப்பது அதன் குணம், சிக்கு என்றால் வாத்தியார், வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா என்ற சிரிப்பு. பத்தடி தூரத்தில் இருந்த பதில்.

அன்றைக்கே குழுவில் போட்டேன். புதிதாக ஒன்றும் எடுக்கவில்லை. அவரைப் பிடித்துக் கொடுக்க நான் ஓடவிட்ட அந்தப் பதிவையே வெட்டாமல், ஒட்டாமல் போட்டேன். போலீஸ்காரர் மாதிரி நான் கேட்டது, ரெண்டாவது கட்டையைக் காட்டியது, காதைக் குடைந்துகொண்டு ஆடியது, நம்பர் ஒட்டியிருக்கேன் சார் என்று அவர் சொன்னது, எல்லாம் அதில் இருந்தது. அவர் மகளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் மட்டும் நிறுத்திக்கொண்டேன். அதைப் போடுவதற்கு அவரிடம் கேட்டேனா என்பீர்கள். கேட்டேன். இந்த முறை நம்பரை அழுத்தினேன்.

எத்தனை கைத்தட்டல் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஏழெட்டுக் கட்டைவிரல். 'ஓ, அப்படியா சார்' என்று இரண்டு பேர். முதல் வீடியோ ஒரே நாளில் போன தூரத்தில் பாதிகூட இது போகவில்லை. அதனால் நடந்தேன். போத்தலைத் திருப்பிக் கொடுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், மூன்று தட்டு வைத்துக் காட்டினேன். திருவிழாக் குழுவிடம் போய் நின்றேன். வகுப்பு எடுக்கும் ஆசிரியையிடம் அனுமதி வாங்கி, பிள்ளைகள் முன்னால் நின்று, சீனித்தண்ணி என்று சொன்ன தாத்தா நான்தான், எனக்குத்தான் விவரம் தெரியவில்லை என்றேன். ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "அப்ப அந்த நாயி சொன்னது சரியா சார்?" என்று கேட்டது. சரிதான் என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிறுமி அன்றைக்கு வரவில்லை.

கடை திரும்பக் கிடைத்தது. திருவிழா அன்று நானும் கூட நிற்கிறேன், வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"நில்லுங்க சார். ஆனா பேச வேணாம். மூடியத் திறந்து காத்து விட்டா போதும்."

அப்படியே செய்தேன். ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல், ஐஸ் பெட்டியிலிருந்து ஒவ்வொரு போத்தலாக எடுத்து மூடியைத் தளர்த்தினேன். ஒவ்வொன்றும் 'ப்ஸ்ஸ்' என்று பெருமூச்சு விட்டது. அந்தச் சத்தத்துக்கே ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள், இது என்ன சோடாவா என்று கிட்டே வந்தார்கள். பேச வராது என்று சொன்னவர் பேசினார். பூச்சி குடம் செய்வது, பிசின் எடுப்பது, ஏன் புளிக்கிறது, ஏன் பொங்குகிறது, எல்லாம். மத்தியானத்துக்குள் பேச்சு சரளமாகிவிட்டது. நான் இடையில் ஓர் அறிவியல் தகவலைச் சேர்க்க வாயெடுத்தபோது ஒரு பார்வை பார்த்தார். மூடியைத் திறந்தேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து ஜொகூரிலிருந்து என் மைத்துனர் ஒரு வீடியோ அனுப்பினார். 'மச்சான், உங்க ஊருப் பக்கம்தான், ஜாக்கிரதை' என்று ஒரு வரி. திறந்தால் நான். கையில் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து, இது தேன் இல்லை என்கிறேன். யாரோ கீழே பெரிய சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை என்று வேறு சேர்த்திருந்தார்கள். என் முகம் சின்னதாகத் தெரிந்ததால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் வந்துகொண்டேதான் இருக்கிறது. போன மாதம்கூட ஒன்று வந்தது. யார் அனுப்பினாலும் எழுதிப் பதில் போடுவதில்லை. கூப்பிட்டுப் பேசுகிறேன், உங்களுக்கு யார் அனுப்பினார்கள் என்று கேட்டு அவர்களையும் கூப்பிடுகிறேன். மனைவி இதற்கும் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் தன் கைப்பேசியிலும் அளவில்லாமல் பேசும் கட்டணத் திட்டத்துக்கு மாறி, 'இதுலயும் அடிங்க' என்று கொடுத்துவிட்டாள். காலைச் செய்தி இன்னும் போடுகிறேன், ஆனால் தினமும் இல்லை. அந்தப் பொருளைக் கையால் தொட்டு வேலை செய்கிற ஒருவரையாவது கேட்காமல் போடுவதில்லை. கேட்டால்தான் தெரிகிறது, படித்ததைவிடக் கேட்பதில் எவ்வளவு ஆச்சரியம் இருக்கிறது என்று.

அந்தச் சிறுமி திருவிழாவுக்கு அடுத்த மாதம் வகுப்புக்குத் திரும்பி வந்துவிட்டாள். இப்போது என்னைப் பார்த்தால் 'ப்ஸ்ஸ்' என்று சத்தம் போட்டுவிட்டு ஓடுகிறாள். ஆனாலும் எப்போதாவது, விளையாட்டில் சண்டை வந்தால், யாராவது ஒரு பிள்ளை அந்தப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது என்று அவள் அம்மா சொன்னார். ஞானஸ்நானத்தில் அவளுக்கு வைத்த அழகான பெயர் ஒன்று இருக்கும்போது, இன்னொரு பெயரை வைத்தவன் நான்; அதனால் அந்த மூன்று நிமிட வீடியோ எந்த ஊரிலிருந்து வந்தாலும், என் காலம் உள்ளவரை, அதை அனுப்பியவரின் நம்பரைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டுதான் இருப்பேன்.